கோயம்புத்தூர் விமானத்துக்கு ஒரு பாத்திஹா

786
மண்ணடி, மெட்ராஸ்
14-7-54

அன்புள்ள அம்மாவுக்கும், தங்கை அக்தர் பேகத்துக்கும், அவள் வீட்டுக்காரர் ஹமீது மச்சானுக்கும், இதை எல்லோரையும் உட்காரவைத்து உரக்க வாசிக்கப்போகும் சின்னவள் பானுவுக்கும் கியாசுதீன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அக்தருக்கு இது நாலாவது மாதம். குடத்தை அவள் தூக்க வேண்டாம், பானு தூக்கட்டும்.

அம்மா, வானத்தில் போகிற பணத்துக்கு யார் காவல் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

இதுவரை எங்கள் பாங்கியின் கோயம்புத்தூர்க் கிளைக்குப் பணம் ரெயிலில் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று நின்று. இனி மில் சம்பளத்துக்கு முன்னால், மாதம் இரண்டு தடவை, ஆகாய விமானம். இரண்டு மணி நேரத்தில் அங்கே. நோட்டுக்கட்டுகளைத் தகரப் பெட்டிகளில் அடுக்கிப் பூட்டி, பூட்டின்மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். பெட்டிக்கு இரண்டு பூட்டு. அவற்றைத் திறக்கும் சாவிகள் கோயம்புத்தூரில், இரண்டு வேறு வேறு ஆட்களிடம். என்னிடம் சாவியே கிடையாது. யாராவது என்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் சட்டைப்பையில் இருக்கிற சில்லறைதான் உதிரும்.

விமானத்தில் நாற்காலிகளைக் கழற்றிவிட்டார்கள். நடுவில் பெட்டிகளை வலைபோட்டுக் கட்டிவிட்டு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் துப்பாக்கிக்காரர் பூவராகவன். மேலே போய்விட்டால் எந்தத் திருடன் வருவான்? பறந்து வந்தால்தான் உண்டு. பாங்கியின் கஜானா அறையைவிட மேகம் பத்திரம். பயமெல்லாம் தரையில்தான். அங்கும் பாங்கியிலிருந்து விமான நிலையம் வரை மூடிய வேனில் போகிறோம், எங்கும் நிற்பதில்லை. வழியில் ஒரே ஒரு ரெயில்வே கேட். அது மூடியிருந்தால் இரண்டு நிமிடம் நிற்போம். அந்த இரண்டு நிமிடம் மட்டும் பூவராகவன் வெற்றிலை மெல்லமாட்டார்.

நாள்தான் எல்லாவற்றிலும் பெரிய பூட்டு என்பார் பாங்கியில் எங்கள் மேலதிகாரியான ஏஜெண்ட். புறப்படும் நாளை முந்தின வாரம் எங்களுக்குச் சொல்வார். நாங்கள் வெளியே மூச்சுவிடக் கூடாது. ஆனால் நீ பாத்திஹா ஓதாமல் விமானப் படியில் கால் வைக்கமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் ஒவ்வொரு தடவையும் கிழமையைக் கார்டில் எழுதிவிடுவேன். வீட்டுக்குச் சொல்வது வெளியே சொல்வதாகுமா?

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் கியாசுதீன்


786
செங்கல்பட்டு
22-7-54

அருமை மகன் கியாசுதீனுக்கு அம்மா துஆ செய்து எழுதச் சொன்னது. எழுதுகிறவள் பானு. இங்கே அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியேதான். அதைக் கேட்டு நீ கவலைப்பட வேண்டாம்.

நேற்று புதன்கிழமை காலையில் பள்ளிவாசல் லெப்பை வந்து உன் பேருக்குப் பாத்திஹா ஓதினார். இரண்டு படி பொட்டுக்கடலையில் சர்க்கரை கலந்து, ஒரு வீடு விடாமல் தெரு முழுக்கக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், என் மகன் இன்றைக்கு ஆகாயத்தில் போகிறான் என்றேன். நாலு பேர் துஆ செய்தால் நல்லதுதானே. மாப்பிள்ளை ஹமீது இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, "மாசத்துக்கு நாலு தபா போகச் சொல்லு மாமி, நாக்கு இனிப்பா கீது" என்றார். அவருடைய லாரி முதலாளி ராஜாராம் வாசலில் நின்றிருந்தார். அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தோம்.

விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்காராதே. சளி பிடிக்கும்.

துஆவுடன் அம்மா


மண்ணடி
31-7-54

அம்மாவுக்கு ஸலாம். சுகம். வருகிற செவ்வாய்க்கிழமை. துஆ செய்யவும்.

கியாசுதீன்


786
செங்கல்பட்டு
18-8-54, ராத்திரி

அன்புள்ள அண்ணனுக்கு பானு ஸலாம் சொல்லி எழுதுவது. எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைத் தெரிந்துகொள்ள ஆவல்.

இது அம்மா சொல்லி எழுதுகிற கடிதம் இல்லை. நானாக எழுதுகிறேன். எல்லோரும் தூங்கியபிறகு, ஜியோமிதி நோட்டுக்கு நடுவில் தாளை வைத்து எழுதுகிறேன். முன்கட்டில் மச்சான் குறட்டை விடுகிறார். குறட்டை நிற்கும்போது நானும் பேனாவை நிறுத்திவிடுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டால் போய்விடும் என்று பார்க்கிறேன்.

மச்சான் கடற்கரைக் குப்பங்களில் மீன் ஏற்றி, பாதியை இங்கே சந்தையில் இறக்கிவிட்டு, மீதியை மெட்ராஸுக்குக் கொண்டுபோகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். மாமல்லபுரத்துப் பக்கத்து மீன்காரி குப்பம்மா தினம் அந்த லாரியில்தான் கூடையோடு வருவாள். நேற்று நீங்கள் புறப்படும் நாள். பாத்திஹா முடிந்து சர்க்கரை கொடுத்தோம். மத்தியானம் குப்பம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, நம் வாசலில் கூடையைப் போட்டுச் சத்தம் போட்டாள்.

"இன்னா பாப்பா, உங்க மச்சானுக்கு இன்னா வந்துச்சு? விடியக்காலையிலேர்ந்து கரையில நிக்கிறேன். காலி வண்டிய எட்த்துகினு மெட்ராஸ் பக்கம் பூட்டாராம். போன தபாவும் இப்டித்தான். மீனு நாறிப் போச்சு. யார்றி வாங்குவா இத்த?"

"போன தடவை எப்போது?" என்றேன்.

"உங்கம்மா சர்க்கரை குட்த்துச்சே, அன்னிக்கு. இன்னிக்கும் சர்க்கரை. அதெப்டி, சர்க்கரை துன்னா உங்க மச்சானுக்கு மீனு கசக்குதா?"

அக்தர் அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் ஏற்றாமல் அவர் எங்கே போனார்? வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் கார்டில் கிழமையை எழுத வேண்டாம். அம்மாவிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். பதிலை நம் வீட்டுக்குப் போடாதீர்கள். என்னோடு படிக்கும் வரலட்சுமி வீட்டு விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அவள் பள்ளிக்கூடத்தில் என்னிடம் கொடுத்துவிடுவாள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஷஹர்பானு


786
மண்ணடி
26-8-54

அன்புத் தங்கை பானுவுக்கு அண்ணன் ஆசிகூறி எழுதுவது. சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். நாலாம் பாரத்தில் துப்பறியும் கதைகளைப் பாடமாக வைத்துவிட்டார்களா?

லாரி என்றால் ஒரு நாள் சக்கரம் கெடும், ஒரு நாள் முதலாளி வேறு சரக்குக்கு அனுப்புவார். மச்சான் நம் வீட்டு மனிதர். அத்தா மௌத்தாகி அடக்கத்துக்குக் கொண்டுபோனபோது சந்தூக்கைத் தோளில் சுமந்தவர். அவரைப் பற்றி இப்படி நினைப்பதே தவறு. எங்கள் ஏற்பாட்டில் ஒரு ஈயும் நுழையமுடியாது. நீ கணக்குப் பரீட்சைக்குப் படி.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறமுடியாது. கார்டு வரும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த இரண்டு நாளும் மச்சான் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்று ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன் கியாசுதீன்


786
செங்கல்பட்டு
12-9-54

மச்சான் கியாசுதீனுக்கு ஹமீது சொல்லச் சொல்ல பானு எழுதுவது. நான் சொல்ற பேச்சை மாத்தாம அப்படியே எழுதணும்னு சொல்லிகீறேன்.

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லாகீறியா மச்சான்? நாங்க நல்லாகீறோம். போன ஞாயித்துக்கெழம நீ வந்தப்போ சரியாப் பேச முடியல. நாலு தோசையத் துன்னுட்டு ரெயிலுக்கு ஓடிட்ட. பெரிய மனுசன் ஆயிட்ட, ஏரோப்ளேன்ல போறவன், எங்கள மாதிரி மீனு நாத்தம் புடிச்சவன்கிட்ட குந்திப் பேச நேரம் ஏது? தமாசுக்குச் சொல்றேன், கோச்சுக்காத.

மாமி ரொம்பக் கவலையா கீது. அடுத்த தபா எப்போன்னு முன்னாடியே எழுதிடு. கடைசி நேரத்துல கார்டு வந்தா லெப்பை கெடைக்கறதில்ல, கடலை வாங்கவும் பேஜாரா கீது. ஒரு வாரம் முன்ன தெரிஞ்சா சவுரியம். அப்புறம், நீங்க போற வண்டி காலையில எத்தினி மணிக்குப் பொறப்படும்னும் எழுது. பாத்திஹாவ அந்த நேரத்துக்கே ஓதிடலாம்னு மாமி சொல்லுது.

உன் தங்கச்சி நல்லாகீது. புளிப்புதான் கேக்குது.

இப்படிக்கு, ஹமீது
(கைநாட்டு)


786
செங்கல்பட்டு
12-9-54, ராத்திரி

அண்ணா, ஸலாம். சுகம் விசாரிக்க இன்று நேரமில்லை.

காலையில் மச்சான் சொல்லி எழுதிய கடிதமும் இதுவும் உங்களுக்கு ஒரே தபாலில் வரும். அதை எழுதியது என் கை. எழுதும்போது எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. "இன்னா பானு, கோழி கிண்டினா மாதிரி எழுதற?" என்று கேட்டார். பேனா முள் சரியில்லை என்றேன். புறப்படும் நேரத்தைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அல்லாஹ் சாட்சி.

போன மாதம் நீங்கள் கேட்டதற்குப் பதில் இது: இரண்டு நாளும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார். லாரியில் மீன் வாடையே இல்லை. போன ஞாயிறு நீங்கள் வந்தபோது இதைச் சொல்லவேண்டும் என்று பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் எட்டுத் தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் மச்சான் உங்கள் பக்கத்திலேயே இருந்தார்.

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ராஜாராம் வந்தார். லாரிக்குள்ளேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு வரச்சொன்னாள். செம்போடு லாரிக்குப் பின்னால் வரும்போது கேட்டது. ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன்.

"கேட்டு மூடினா ரெண்டு நிமிசம். உன் வண்டி பின்னால ஒட்டிகினு நின்னா, அவன் பின்னுக்கும் போகமுடியாது. அது போதும்."

"அதுல என் மச்சான் குந்திகினு போறாரு முதலாளி."

"உன் மச்சான ஒர்த்தனும் தொடமாட்டான். தலையக் குனிஞ்சிகினா போதும்."

"துப்பாக்கிக்காரன் ஒர்த்தன் கீறானே?"

"அத்த என் ஆளுங்க பாத்துப்பானுங்க. நீ நாளை மட்டும் கரெக்டா சொல்லு. முடியாதுன்னா சாவிய வச்சிட்டு எறங்கு. வேற டிரைவர் எனக்குக் கெடைக்கமாட்டானா?"

 நான் செம்பை மண்ணில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நீங்கள் தலையைக் குனியமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயம். பாங்கியில் சொல்லுங்கள். ஆனால் அக்காவையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

பானு


செங்கல்பட்டு
2-10-54, ராத்திரி

அண்ணனுக்கு ஸலாம்.

இருபது நாள் ஆயிற்று. பதிலும் இல்லை, கார்டும் இல்லை. காலையில் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததும் வரலட்சுமி தலையை ஆட்டிவிடுகிறாள். மச்சான் தினமும் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

பானு


மண்ணடி
9-10-54

அம்மாவுக்கு ஸலாம். வேலை அதிகமானதால் எழுதவில்லை. சுகம். வருகிற வியாழக்கிழமை. துஆ செய்யவும்.

கியாசுதீன்


786
செங்கல்பட்டு
14-10-54, வியாழக்கிழமை ராத்திரி

அண்ணா, ஸலாம். நீங்கள் இப்போது கோயம்புத்தூரில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை உங்கள் கார்டு வந்தது. தபால்காரர் கையிலிருந்து அதை வாங்கியது மச்சான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு மைல்கல்லில் இருக்கிற எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. "பானு, படி" என்று நீட்டினார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குக் குர்ஆன் எழுத்து மட்டும்தான் தெரியும். அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றவள். நம் வீட்டில் உங்கள் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

நீங்கள் வியாழக்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். நான் சனிக்கிழமை என்று வாசித்தேன்.

 எப்படித் துணிந்தேன் என்று தெரியவில்லை. வாசித்துவிட்டு, "வேலை அதிகமாம் அம்மா, உங்களுக்கு ஸலாம் சொல்லியிருக்கிறார்" என்று சேர்த்துக்கொண்டேன். மச்சான் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகுதான் யோசித்தேன். கார்டை வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால் தொலைந்தேன். அதனால் அது இப்போது என் சரித்திரப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அம்மா தேடினாள். எலி இழுத்துப் போயிருக்கும் என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய்.

எல்லாவற்றையும்விட இதுதான் என்னை அரிக்கிறது: அம்மா பாத்திஹா ஓதாமல் விமானப் படியில் கால் வைக்கமாட்டேன் என்றீர்கள். இன்று ஏறியிருப்பீர்கள். அம்மாவோ சனிக்கிழமைக்காகக் கடலை வாங்கி வைத்திருக்கிறாள். இன்று காலையில் அவள் நிம்மதியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இப்போது மேலே போகிறார் அம்மா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே யாசீன் ஓதினேன். இரண்டு இடத்தில் தடுக்கியது. திரும்ப முதலிலிருந்து ஓதினேன். சர்க்கரைக்கு வழியில்லை. அடுக்களையிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து நானே தின்றுவிட்டேன். அது கூடுமா என்று லெப்பையைக் கேட்கவும் முடியாது.

சனிக்கிழமை என்ன ஆகுமோ தெரியாது. போய்ச் சேர்ந்தீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
ஷஹர்பானு


786
மண்ணடி
25-10-54

அன்புத் தங்கை பானுவுக்கு அண்ணன் எழுதுவது. போய்ச் சேர்ந்தேன், திரும்பியும் வந்தேன். நல்ல சுகம். நீ வெல்லம் தின்றது கூடும். பூவராகவனும் அப்படித்தான் சொல்கிறார்.

செப்டம்பர் மாதம் நீ எழுதிய கடிதத்தை நாலு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நம்பாமல் இல்லை. நம்பினால் ஏதாவது செய்தாகவேண்டும், அதுதான். இரண்டு தடவை வயிற்றுவலி என்று சொல்லி என் முறையை, கூட வேலை செய்யும் சுப்பிரமணியிடம் தள்ளினேன். என் இடத்தில் இன்னொருவனை அந்த கேட்டுக்கு அனுப்பினேன் என்பதை அப்புறம்தான் யோசித்தேன். மூன்றாவது தடவை தள்ள முகமில்லை. கார்டைப் போட்டுவிட்டு, வருவது வரட்டும் என்று வேனில் ஏறினேன். இருபத்து நாலு வயது ஆண்பிள்ளையின் வீரம் அவ்வளவுதான். வியாழக்கிழமை கேட் மூடியிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஏதோ வண்டி வந்து நின்றது. மீன் வாடை அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேட் திறந்தது, போய்விட்டோம்.

ஊர் திரும்பியதும் உன் கடிதம் காத்திருந்தது. படித்துவிட்டு நேராக ஏஜெண்டின் அறைக்குப் போனேன். "ஸார், நாள் வெளியே தெரிந்துவிட்டது. தெரியப்படுத்தியவன் நான்தான். என் தாயார் பாத்திஹா ஓதி ஒரு தெருவுக்கே சர்க்கரை கொடுக்கிறார்" என்றேன். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு பெட்டிகளோடு முறைவைத்துப் போகும் எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

"உன் வீட்டில்?" என்று சுப்பிரமணியைக் கேட்டார். அவன் மனைவி ஒவ்வொரு தடவையும் முச்சந்திப் பிள்ளையாருக்கு நூற்றெட்டு சூறைத்தேங்காய் விடுகிறாளாம். பொறுக்க வரும் பிள்ளைகளுக்கெல்லாம் காரணம் தெரியும். பூவராகவனின் தாயார் அன்று பட்டினி கிடந்து பார்த்தசாரதி கோயிலைச் சுற்றுகிறார். சுற்றும்போது அர்ச்சகரிடம் விமானம் புறப்படும் நேரத்தையும் சொல்கிறார். ராயப்பேட்டைக்காரர் ஒருவரின் அக்கா பரங்கிமலை மாதா கோயிலில் ஆளுயர மெழுகுவத்தி ஏற்றுகிறார். பிறகு ஐந்தாவது ஆள் பக்கம் திரும்பினார். "உனக்கென்ன?" என்றார். "எனக்குக் கல்யாணம் ஆகலை ஸார், நானே பக்கத்து அறைக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துடறேன்" என்றான். ஏஜெண்ட் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியாது.

இரண்டு மாதம் எனக்குப் படி வெட்டு. போகட்டும். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இனி வேன் ஒரே வழியில் போகாது, அந்த கேட் பக்கமே போகாது, பின்னால் போலீஸ் ஜீப் வரும். நாளும் எங்களுக்குத் தெரியாது. காலையில் வேலைக்குப் போனதும் "ஏறு" என்பார், ஏறவேண்டியதுதான்.

ஆகையால் அம்மாவுக்குக் கார்டு போட வழியில்லை. போடாவிட்டால், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அடுத்த ரெயிலில் கிளம்பி வந்துவிடுவாள். அவளிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எழுது.

அண்ணன்


786
செங்கல்பட்டு
7-11-54

அன்புள்ள அண்ணனுக்கு பானு ஸலாம் சொல்லி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் தேவலை. அக்காவுக்கு எட்டாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம்.

போன மாதம் அந்தச் சனிக்கிழமை மச்சான் காலி லாரியோடு போனார், சாயங்காலம் திரும்பினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கமில்லை.

இன்று காலை கொளவாய் ஏரிக்கரையில் லாரி கழுவிக்கொண்டிருந்தார். நாஸ்தா கொடுத்துவிட்டு வர அக்கா என்னை அனுப்பினாள். பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது கூப்பிட்டார்.

"பானு, உங்கண்ணன் வியாழக்கெழமதான் போனாரு. நான் பாத்தேன். மெட்ராஸ்ல மீன எறக்கிட்டுத் திரும்பி வர்றேன், கேட்டு மூடிகீது. எனக்கு முன்னாடி அந்த வேனு. பின் ஜன்னல்ல உங்கண்ணன் தலை தெரியுது. திரும்பவேயில்ல."

 "தப்பா வாசிச்சிட்டேன் மச்சான்" என்றேன்.

"நாலாம் பாரம் படிக்கிற பொண்ணு கெழமைய தப்பா படிச்சிச்சா?" அவர் சிரித்தார். துணியைப் பிழிந்து உதறினார்.

"தெரிஞ்சப்புறம் சனிக்கிழமை எதுக்குப் போனீங்க?"

"போகலன்னா ராஜாராம் வுடுவானா? அவன் ஆளுங்க நாலு பேரு கேட்டாண்ட நின்னுகினு கீறானுங்க. நான் வண்டிய ஓரங்கட்டிட்டு ஒரு டீ சொன்னேன். வராத வண்டிக்கு மத்தியானம் வரைக்கும் காத்துகினு குந்திகினு இருந்தேன். மூணு மாசமா எனக்குச் சோறு எறங்கல பானு. அன்னிக்கு எட்டு இட்லி துன்னேன். கடைக்காரன் பயந்துட்டான்."

"அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லுங்களேன்."

"சொன்னேன். சாவிய வச்சிட்டுப் போன்னான். உங்கக்காவ இந்த நெலமையில வச்சிகினு எங்க போறது? புள்ள பொறந்து நாப்பது நாளு கழியட்டும், வேற வண்டி பாத்துப்பேன். அது வரைக்கும் அவன் நாள் கேட்டுகினேதான் இருப்பான்." சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துச் சொன்னார். "தெரிஞ்சிகினே பொய் சொன்னா என் மூஞ்சி காட்டிக் குட்த்துடும். நீ தப்பா படி. நான் நெஜம்னு நம்பி அவன்கிட்ட சொல்லிடறேன். கார்டு வரும்போதெல்லாம் எனக்குத் தப்பாவே படி பானு. எது சரின்னு மட்டும் எப்பவும் என்கிட்ட சொல்லிடாத."

சரி என்றேன். நாளே இனி யாருக்கும் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் தோன்றியது. அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வழக்கம்போலக் கார்டு போடுங்கள். வாயில் வருகிற கிழமையை எழுதுங்கள். அம்மாவின் துஆ அல்லாஹ்விடம் போகிறது, கிழமை தெரிந்துகொண்டா அவன் கேட்கிறான்? எழுதிய கிழமையையும் நான் அப்படியே வாசிக்கப்போவதில்லை. தெருவுக்கு இனிப்பு கிடைக்கும், லெப்பைக்கு வருமானம், ராஜாராம் ஆட்களுக்கு அந்த கேட்டில் வெயில்.

இதை நடுப்பகலில், கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாருக்கு எழுதுகிறாய் என்று அம்மா இப்போதுதான் கேட்டாள். அண்ணனுக்கு என்றேன். அடுத்த தடவை எப்போது என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.

கேட்டு எழுதிவிட்டேன். நீங்கள் கார்டை மட்டும் போடுங்கள். கிழமையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஷஹர்பானு